உத்தரவுக்குப் பணிந்த தண்ணீர்

சுந்தரபாண்டியத்துக்குக் கிழக்கேயுள்ள கருவேலங்கண்மாயின் மடை இரண்டு ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. தண்ணீர் மட்டும் வெளியே வருவதில்லை. பலகை நிறுத்தியதுபோல், ஆள் இடுப்பு உயரத்துக்கு அது மடையின் வாயில் நிமிர்ந்து நிற்கிறது. விரலை நுழைத்தால் நனைகிறது; வெளியே எடுத்தால் விரல் காய்ந்திருக்கிறது. கெண்டை மீன்கள் விளிம்புவரை வந்து, சாலையில் போகும் கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.

இதற்குக் காரணம் மாரிச்செல்வி எழுதிய ஒரு சொல் என்பது ஊரின் முடிவு. மடைக்குக் கீழே அவளுக்கு ஒரு ஏக்கர் நெல். அந்தத் தை மாதம் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேரும். கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களிலோ நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. அடியில் தண்ணீர் வற்றினால், தவறி விழும் குஞ்சை நாய் தூக்கிவிடும். ஆதலால் குஞ்சுகள் பறக்கும்வரை நாரைகளுக்கென ஒரு பங்குத் தண்ணீரை ஊரார் எப்போதும் விட்டுவைத்தனர். நாரைகளும் சும்மா தின்றுவிட்டுப் போகவில்லை. அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்குப் பாதி உரம் போதும். இந்த ஏற்பாடு எவர் கையெழுத்துமின்றி நடந்துவந்தது. அவ்வாண்டு நாரைகளுக்காக அரசு கண்மாயைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. மடை திறக்க அனுமதி தேவை என்றாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாரிச்செல்வி மனு எழுத அமர்ந்தாள்.

இரண்டு தண்ணீர் கேட்டு எழுதி முடித்த வேளையில், மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி சோணைமுத்து குறுக்கிட்டார். "குஞ்சு பறந்த பொறவு கம்மாயை அழிக்கவும் அனுமதி வேணும்னு சேர்த்துரு தாயி." கண்மாய் அழிதல் என்றால் அப்பக்கத்தில், கோடையில் மிஞ்சிய சேற்றுநீரில் ஊரே இறங்கி மீன் அள்ளுவது.

"மீன் பிடிக்கன்னு எழுதட்டுமா, பெரியப்பா?"

"அப்படி எழுதுனா எவனாவது குத்தகைக்காரன் வந்து நிப்பான். அழிக்கன்னே எழுது. அதுதான் அம்புட்டுப் பேருக்கும் பொது."

எழுதினாள்.

பாதுகாப்பு அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். நாரைகள்மீது மெய்யான அன்பு கொண்டவர். மனுவின் கடைசி வரியைப் படித்த அன்று அவர் மதிய உணவு உண்ணவில்லை. மறுநாள் மடைச்சுவரில் உத்தரவு ஒட்டப்பட்டது: "கண்மாயை அழிக்கும் நோக்கம் தெரியவந்துள்ளதால், மறு உத்தரவு வரை நீர் மடையைக் கடத்தல் ஆகாது." அவ்வாக்கியத்தின் எழுவாய் நீர், மக்கள் அல்லர். தண்ணீர் அதைப் பிழையின்றிப் புரிந்துகொண்டது. எழுத்தறியாத சோணைமுத்து விடிந்ததும் வழக்கம்போல் அடைப்புப் பலகையை உயர்த்தினார். வாய்க்காலில் ஈரம்கூடப் படவில்லை.

மாரிச்செல்வி அலுவலகத்துக்கு ஓடினாள். "சார், எங்க ஊர்ல கம்மா அழியுதுன்னா மீன் பிடிக்கதுன்னு அர்த்தம்."

அதிகாரி அகராதியைப் புரட்டினார். "இதுல அப்படி இல்லையேம்மா."

"அதை எழுதுனவிய எங்க கம்மா மீனைத் தின்னதில்ல போல."

அவர் சிரித்தார், மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார்.

உத்தரவில் மடை என்றுதான் இருந்தது, கரை என்றில்லை. எனவே குடத்தில் மொண்டு கரையேறி இறங்கினால் தண்ணீர் மறுப்பின்றி உடன் வந்தது. மாரிச்செல்வியும் அவள் கணவன் சிவபாண்டியும் பதினொரு நாள் சுமந்தனர். "ஏட்டி, ஒத்தச் சொல்லை எழுதிப்போட்டு எம்புட்டுக் குடம் தூக்க வச்சுட்ட!" என்று முதல் நாள் கேலியாகச் சொன்னவன், ஆறாம் நாள் அதையே கேலியின்றிச் சொன்னான். கரையோரம் ஒரு பாய் அகலத்துக்கு நெல் முற்றியது, மற்றதெல்லாம் பதர். அவள் அரிவாளை எடுக்கவில்லை. மாட்டை அவிழ்த்து வயலுக்குள் விட்டாள்.

சித்திரையில் மறு உத்தரவு வந்தது: "மடையைத் திறக்கலாம்." மடை ஏற்கெனவே திறந்திருந்தது, தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் அசையவில்லை. 'நீர் மடையைக் கடக்கலாம்' என்று தானே ஒரு தாளில் எழுதி, கையெழுத்து ஒன்று போதுமென மாரிச்செல்வி கொண்டுபோனாள். அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் இரண்டு உத்தரவுகளையும் பொறுமையாகப் படித்தார். "மறு உத்தரவு வரைன்னு இருக்கு, மறு உத்தரவும் வந்தாச்சு. இதோட விஷயம் முடிஞ்சதும்மா," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நாரைகள் பெருகின. அதன்பின் ஒரு குஞ்சுகூட நாய்வாயில் அகப்படவில்லை. அந்த நன்மையை ஊரில் எவரும் மறுப்பதில்லை. வயல்களில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. மடையருகே இப்போது ராஜபாளையம் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் வந்து நிற்கிறது. காத்திருக்கும் பெண்கள் நிமிர்ந்த அந்தத் தண்ணீரில் குனிந்து முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்கிறார்கள். சீப்பை மடைச்சுவரிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களோடு வேனுக்கு நிற்கும் மாரிச்செல்வி மட்டும் தன் பையில் கைக்கண்ணாடி வைத்திருக்கிறாள்.