வடிதுணியில் கிடந்த விதைகள்

மூலிகை என்றாலே அமுதம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் அந்த ரகம். மண்ணரையில் இருக்கும் எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான பனியன்களை முருங்கை இலைச் சாற்றில் நனைத்து, 'ஹெர்பல்' என்று ஏற்றுமதி செய்யப் போகிறோம். சாற்றில் நஞ்சில்லை என்று சோதித்துக் காட்டினால்தான் சரக்கு எடுப்பேன் என்று வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டான். அதற்காகவே வேதியியல் படித்த என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

"ஏங் கண்ணு நதியா, முருங்கத் தழைக்குப் போயி டெஸ்ட்டா? இதென்ன கூத்து!" என்று முதலாளி தினமும் சிரிப்பார்.

மூலனூரில் இருக்கும் அவருடைய தோட்டத்திலிருந்து புதிதாக இலை வந்தது. அதிலிருந்து முந்தின நாள் இறக்கிய சாற்றைக் காலையில் மீன் தொட்டியில் கொஞ்சமே கொஞ்சம் கலந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லா மீனும் செத்து மிதந்தன. சாறு கலக்காத பக்கத்துத் தொட்டி மீன்களுக்கு ஒன்றுமில்லை. முன்பு செய்த சோதனைகளில் ஒரு மீன்கூடச் செத்ததில்லை.

சாறு வடிகட்டிய துணியைப் பிரித்துப் பார்த்தேன். சக்கைக்குள் மிளகளவில் சிவப்பு விதைகள் கிடந்தன. முருங்கை விதை இப்படி இருக்காது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒன்றை எடுத்துப் பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது. "கண்வலி வெதை கண்ணு இது, செங்காந்தள் பூச்செடியோடது. மருந்துக் கம்பெனிக்குன்னு நம்ம காட்டுல போட்டிருக்கறன். வயித்துக்குள்ள போனா வெசம்."

விதை கட்டியிருந்த சாக்கைச் சரியாக உதறாமல் அதிலேயே இலையை அமுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல சாக்கை வீணாக்கக் கூடாது என்று ஆட்களுக்குச் சொல்லிப் பழக்கியவரே அவர்தான்.

"நல்லவேளை சார், இன்னும் துணி நனைக்கலை" என்றேன்.

அவர் காதில் அது விழவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நேத்து ஊட்டுக்குக் கொண்டுபோன சாத்துல காத்தால ஜனனிக்கு ஒரு டம்ளர் குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

ஜனனி அவருடைய ஒரே மகள், எட்டு மாதக் கர்ப்பிணி. தோட்டத்திலிருந்து எது வந்தாலும் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்குத்தான் முதலில் என்பது அவர் வீட்டு வழக்கம்.

"என்ன சார் காரியம் பண்ணிட்டீங்க! ரிசல்ட் வரட்டும்னு சொன்னேன்ல?" என்று முதலாளி என்றும் பாராமல் கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது.

வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை. சாற்றுப் பாட்டிலையும் வடிதுணியையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். வழி நெடுக அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஜனனி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறுநொடியே அவள் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தேன். இந்த விஷம் குடித்தவுடன் காட்டாது, மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும் என்று படித்திருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்ப்பா. உங்களுக்குத்தான் இப்படி வேர்த்து ஊத்துது" என்று சிரித்தபடியே அவள் காரில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் விதைகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "எவ்வளவும்மா குடிச்சே?"

"ரெண்டு வாய்தானுங்க டாக்டர். கசந்துச்சுன்னு வெச்சுட்டேன். தோட்டத்துச் சாறு, கீழ ஊத்தக் கூடாதுன்னு மிச்சத்தையெல்லாம் அப்பாதான் குடிச்சாருங்க."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் மறைக்கவில்லை. மகளை நினைத்த பயத்தில் தான் குடித்ததையே மறந்திருந்தார்.

"அட, என்னைய உடுங்க சாமி. மொதல்ல புள்ளையப் பாருங்க" என்று எழுந்தவர், நின்ற இடத்திலேயே குனிந்து வாந்தியெடுத்தார். அதற்குள் இன்னொரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதுவரை கொஞ்சமும் பயப்படாமல் இருந்த ஜனனி, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் கட்டிலைப் பார்த்து "அப்பா" என்று அலறினாள்.