பஞ்சில் போன சொல்

"சுட்ட பிறகுதான் இதுல கை வைக்கணும் அண்ணி. ஒரு வாரம் ஆகும்" என்றாள் நாத்தனார், உப்புப் பூத்த மண்துண்டைத் தட்டில் வைத்தபடி.

"வெள்ளிக்கிழமை அகராதி அச்சுக்குப் போகுது. தெரிஞ்சுதானே சொல்ற?"

"களிமண்ணுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது."

ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவளும் அதே வீட்டில் பிறந்தவளும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தால், குழம்பில் உப்புக் கூடியதற்குக்கூட ஆதாரம் கேட்பார்கள். அண்ணி தொன்மொழி அகராதியின் ஆசிரியை. நாத்தனார் பழம்பலகைகளைச் சுத்தம் செய்யும் அறைக்குத் தலைவி. அதே மொழிகளை அவளும் கரைத்துக் குடித்தவள்.

பகைக்கு மூலம் ஒரு வினைச்சொல். இன்றைய துருக்கியான பழைய அனத்தோலியாவில் ஹிட்டைட் மக்கள் ஈரக் களிமண் பலகையில் குச்சி முனையால் அழுத்தி அழுத்தி எழுதினார்கள். தீட்டுக் கழிக்கும் சடங்குகளை எழுதும்போது, உறவு மொழியான லூவியனின் சொற்கள் சிலவற்றை அப்படியே நடுவில் விட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்றுதான் இது. ‘சுத்தப்படுத்து’ என்று பொருள். அதில் இருவருக்கும் தகராறில்லை. எப்படிச் சுத்தப்படுத்துவது என்பதில்தான் குடுமிப்பிடி. ‘கழுவு’ என்பதிலிருந்து பிறந்தது என்பது நாத்தனார் கட்சி. ‘தேய்த்தெடு’ என்பதிலிருந்து என்பது அண்ணி கட்சி. அந்தச் சடங்குகளில் பிசைந்த மாவை உடம்பில் ஒற்றித் தேய்ப்பதுண்டு. தீட்டு மாவில் ஏறிக்கொள்ளும். மாவைக் கொண்டுபோய்த் தொலைத்துவிடுவார்கள். அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகிறது என்று அண்ணி பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

வினைக்கு முன்னால் ‘மாவால்’ என்றோ ‘தண்ணீரால்’ என்றோ இருந்துவிட்டால் வழக்கு முடிந்தது. கிடைத்த பலகைகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல அந்த இடத்திலேயே உடைந்திருந்தன. இந்தத் துண்டில் வினை பளிச்சென்று தெரிந்தது. முந்தைய சொல்லின்மேல்தான் உப்புப் பொருக்கு. வெள்ளிக்குள் அது வெளிப்படாவிட்டால், அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்ற பொருள் என்பதால் அகராதியில் ‘கழுவு’ ஏறிவிடும். அடுத்த பதிப்பு அண்ணியின் ஆயுளில் வராது.

"வேணும்னே இழுத்தடிக்கிற. உங்கண்ணன் சொன்னது சரிதான், உனக்குப் பொறாமை பிடிச்ச புத்தி."

"எங்கண்ணன் உங்களைப் பத்தி என்கிட்ட சொன்னதையும் சொல்லட்டுமா?"

நாத்தனார் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உலை அறைக்குப் போனாள்.

சுடாத களிமண்ணுக்குத் தண்ணீர் ஆகாது. முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றிச் சுட வேண்டும், மண் கல்லாகும். பிறகு நீரில் ஊறப்போட்டால் உப்பு மட்டும் கரைந்து போகும். அண்ணிக்கு இது தெரியாததல்ல. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, பொருக்கின்மேல் ஒற்றினாள்.

உப்பு கரைந்தது. ஆப்பு ஆப்பாகக் குறிகள் எழுந்தன. மாவு. மாவேதான்! மீதியையும் பார்த்துவிடும் ஆசையில் இன்னொரு தரம் இழுத்தாள். ஊறியிருந்த மண் பஞ்சோடு வந்துவிட்டது. குறிகள் இருந்த இடம் சோப்புக்கட்டியைப் போல வழுவழுவென்று ஆனது. படம் எடுக்கவில்லை.

கதவு திறந்தது. பஞ்சு அண்ணியின் சட்டைப் பைக்குள் போனது.

நாத்தனார் துண்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது; பிறகு இறுகியது.

"என்ன பண்ணினீங்க?"

"பார்த்தேன். மாவுதான் இருந்துச்சு."

"எங்க? காட்டுங்க."

"என் கண்ணால பார்த்தேன்டி!"

"நான் தண்ணின்னு பார்த்தேன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

மற்றவர்களும் பார்த்துச் சரிசொல்ல முடியாததைப் படித்ததாக எழுதக் கூடாது என்று அகராதி முன்னுரையில் எழுதியவளே அண்ணிதான்.

"பஞ்சு எங்க?" என்றாள் நாத்தனார். பலகையிலிருந்து உதிரும் தூளைக்கூட வீசக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். "எடுங்க. அழுக்கு அழியாது, இடம்தான் மாறும்னு ஊருக்கே பாடம் எடுத்தீங்களே! உங்க சொல்லு இப்ப உங்க பையிலதான் இருக்கு."

செருப்பால் அடித்தாற்போலிருந்தது. அண்ணி பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தாள். சுண்டுவிரல் நுனியளவு சாம்பல்நிறச் சேறு.

நாத்தனார் அதை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். "இயக்குநர்கிட்ட நான் சொல்லணுமா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன். உன் தயவு வேண்டாம்."

"அகராதியில?"

அண்ணி வாசல்வரை போய்த் திரும்பினாள். "கழுவுன்னே போடறேன். பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுவேன்."

"கேள்விக்குறி எதுக்கு?"

"நான் மாவைப் பார்த்தேன்னு உனக்குத் தெரியும். அது உன் ஆயுசுக்கும் உறுத்தட்டும்."