மிதவைக்குள் தண்ணீர்

விடிந்தும் விடியாததுமாய்த் துறைக்காரன் நீர்விமானத்தின் இடப்பக்க மிதவைமீது குந்தியிருந்து, கைப்பம்பினால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். படகு போன்ற இரண்டு மிதவைகளின் மேல்தான் அந்த விமானம் கடலில் நிற்கும். இரவில் அவற்றுக்குள் கசிந்த நீரைக் காலையில் வெளியேற்றுவது அவனுடைய முதல் வேலை. வழக்கமாக நாலைந்து இழுப்பிலேயே பம்பு வெறுங்காற்றைக் கக்கிவிடும். இன்று தோள்பட்டை கடுத்தும் தண்ணீர் நின்றபாடில்லை. தகட்டில் விரிசல் கண்டிருப்பதை மழைக்காலத்துக்கு முன்பே மேலாளரிடம் சொல்லியிருந்தான். “பட்டறைக்கு அனுப்பிட்டா, யாரு முதுகுல ஏத்திப் பறக்கிறது?” என்பதே பதிலாக வந்தது.

கை பம்பில் இருந்ததே தவிர, கண் காத்திருப்புக் கொட்டகையையே சுற்றியது. அங்கே அவன் மனைவி உட்காரவும் முடியாமல் சாயவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள். சிறுநீரகம் கைவிட்டபின், அக்கரை நகரத்து மருத்துவமனையின் இயந்திரம்தான் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. நேற்றைய முறை, காற்றினால் விமானம் கிளம்பாததால் தவறிப்போயிற்று. கடல் கொந்தளிப்பில் படகும் ஓடவில்லை. பணியாளர் குடும்பத்துக்கு இருக்கை மீந்தால்தான் இலவச இடம். இன்று ஒன்று மீந்திருந்தது.

பயணிகளைப் பெட்டிகளோடு எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். அவள் ஏறி நின்றதும் தராசுமுள் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய் நின்றது. முகமும் காலும் வீங்கியிருந்தன.

“எல்லாம் தண்ணிதான். எனக்கும் ஒரு பம்பு வச்சு இறைச்சு விடுங்களேன். பஞ்சா மிதந்துக்கிட்டே போயிடுவேன்.”

“மூச்சு வாங்குது, இதுல வாய் வேறயா? கையப் பிடிச்சுக்கோ.”

நிற்க இயலாதவள் என்பதால் முதல் ஆளாக அவளை ஏற்றி, இருக்கைப்பட்டையை மாட்டிவிட்டு இறங்கினான். பின்னாலேயே விடுதி விருந்தினர்கள் தூண்டில்களோடும் பெரிய ஐஸ் பெட்டிகளோடும் வந்து சேர்ந்தார்கள்.

விமானி மிதவையைக் காலால் தட்டிப் பார்த்தார். “எப்படிண்ணே இருக்கு? கிளம்பலாமா?”

‘சரியா இருக்கு’ என்று சொல்லிவிட நா துடித்தது. ஆனால், பறக்கப்போவது அவள். பாரம் குறைய வேண்டுமென்றால் பெட்டிகளைத்தானே இறக்குவார்கள்?

“இடப்பக்கம் நிறைய ஏறியிருக்கு கேப்டன். இறைச்சிட்டேன், ஆனா ஓடுறப்பவும் ஊறும். பாரத்தக் குறைச்சுக்குங்க.” சொல்லும்போதே ஐஸ் பெட்டிகளைப் பார்த்தான்.

விமானி மேலாளரிடம் திரும்பினார். “ஒரு ஆள் பாரம் இறங்கணும் சார்.”

மேலாளர் யோசிக்கவே இல்லை. “டிக்கெட் இல்லாத ஆள் ஒருத்தர்தானே?”

“சார், அவ நேத்தே போயிருக்கணும். பெட்டியில ரெண்ட இறக்கினாப் போதும். பெட்டி நாளைக்குப் போனா என்ன சார்?”

“மீன் கெட்டுடும்ப்பா.”

விமானி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். விருந்தினர்களுள் ஒருவர், “ஏன் லேட்டு?” என்று கேட்டார்.

அவனே ஏறிப்போய்ப் பட்டையைக் கழற்றினான். அவன் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள்.

“நாளைக்குக் கண்டிப்பா இடம் இருக்குமா?” என்றாள், கீழே வந்தபின்.

அவன் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து விமானி குரல் கொடுத்தார். “வால் பக்கம் பாரம் ஜாஸ்தியா இருக்குண்ணே! பெரிய பெட்டி ஒண்ண அந்தக் காலி சீட்டுல வச்சுக் கட்டிடுங்க.”

மனைவியைத் துறைமேடையின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் ஏறினான். பெட்டியைத் தூக்கி ஜன்னலோர இருக்கையில் வைத்தான். அவள் வயிற்றளவுக்குத் தளர்த்தி விட்டிருந்த பட்டையை, பெட்டி அசையாதபடி இழுத்து இறுக்கினான்.