ஒரு கட்டம் அகலம்

கட்டட அலுவலகத்தில் பிளான் வரைகிறவள் அவள். அளவு என்று வந்துவிட்டால் நூல் பிசகக் கூடாது அவளுக்கு. கடல் தாண்டி வெல்டர் வேலை பார்க்கும் கணவனின் விடுப்பு இரண்டாம் முறையும் தள்ளிப்போனபோது, கம்ப்யூட்டர் விளையாட்டில் தங்கள் வீட்டையே கட்டிவிடுவது என்று கிளம்பினாள். அந்த விளையாட்டில் வீடு கட்டிப் பொம்மை மனிதர்களைக் குடிவைத்து, சமைக்கவும் தூங்கவும் வைக்கலாம். அவனும் அங்கிருந்தபடியே உள்ளே வந்து நடக்கலாம். நிஜத்தில் வர முடியாதவன் அப்படியாவது வீட்டுக்கு வரட்டுமே. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

டேப்பை எடுத்து வீட்டை அளந்தாள். விளையாட்டில் எல்லாம் கட்டக் கணக்கு. ஒரு கட்டம் மூன்றடி என்று வைத்துக்கொண்டாள். ஹால் அடங்கியது, படுக்கையறை அடங்கியது. சமையலறைதான் மக்கர் செய்தது. அடுப்பு மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே நிஜத்தில் இரண்டரை அடி. ஒரு கட்டம் விட்டால் அவன் பொம்மையும் அவள் பொம்மையும் தாண்ட வழியில்லாமல் மூக்கோடு மூக்கு நின்று, கையை ஆட்டிப் புலம்பின. சரிதான் போ என்று இன்னொரு கட்டம் சேர்த்தாள். அலுவலகத்தில் இப்படிச் செய்திருந்தால் முதலாளி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

விடுமுறைக் காலையில் அவன் விளையாட்டுக்குள் வந்தான். ஹாலைப் பார்த்துச் சிரித்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தான். பிறகு அவனுடைய பொம்மை சமையலறைக்குள் போய், அவளுடைய பொம்மையைத் தாராளமாகத் தாண்டி, தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியது. அவள் போனில் கேட்டாள்.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம வீடு இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. எங்கே தப்பு என்று கேட்டாள்.

"நான் தண்ணி எடுக்க வந்தா நீ என்ன சொல்லுவ?"

தள்ளுங்க என்பாள். அவன் தள்ளமாட்டான், தள்ள இடமும் கிடையாது. தோளை இடித்து, இடுப்பைப் பிடித்துத்தான் தாண்ட வேண்டும். கல்யாணமான புதிதில் அவனுக்கு ஓயாமல் தாகம் எடுத்தது. அந்த இடத்தில்தான் அவள் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறாள்.

சுவரைப் பழையபடி இழுத்து வைத்தாள். பொம்மைகள் வந்தன, மூக்கோடு மூக்கு நின்றன, கையை ஆட்டின. விலக்கி விடவா என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றான். "அதுங்களாவது நிக்கட்டும்."