முன்வாசல் வழியாக

அம்மாவின் நகக்கண்களில் மாவு காய்ந்து போயிருந்தது. மகள் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கடையில், ரொட்டி விற்றுக்கொண்டிருந்தது.

விடிகாலையில் முதல் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அம்மா மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "மூச்சு வாங்குது, நீ பாத்துக்க" என்றாள். வெந்த தட்டை வெளியே எடுத்துவிட்டு மகள் திரும்பியபோது அம்மாவின் தலை சாய்ந்திருந்தது. டாக்டர் பின்வாசல் வழியாக வந்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டு அதே வழியாகப் போனார். அதற்குள் முன்வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கோட்டு போய்க் கதவைத் திறந்தார்.

கோட்டு என்பது அம்மா வைத்த பெயர். வெயிலோ மழையோ, பழுப்புக் கோட்டு இல்லாமல் அவர் கல்லாவில் உட்கார்ந்ததில்லை. நல்ல உயரம், கணீரென்ற குரல். பார்த்தால் மூன்று தலைமுறையாகக் கடை நடத்துகிறவர் மாதிரி இருப்பார். வாங்க வருபவர்கள் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார்கள். அம்மாவும் உள்ளேயிருந்து, "முதலாளி, ஈஸ்ட் தீந்துபோச்சு, சொல்லிவிடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த முதலாளிக்குச் சம்பளம் கொடுப்பவள் அவள்தான்.

இதற்கு முன் ஊரின் மறுகோடியில் ஒரு கடை இருந்தது. அங்கே அம்மாவே கல்லாவில் நின்றாள். அவள் எந்தக் குடியிருப்பில் பிறந்தவள் என்று ஒருத்தி அடையாளம் கண்டு சொல்லிவிட்டாள். அந்தக் குடியிருப்புக்காரர்கள் தொட்டதை ஊரில் யாரும் வாயில் வைப்பதில்லை. நேற்றுவரை கேட்டு வாங்கித் தின்றவர்கள் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கல் வந்து விழுந்தது. பிசைந்து வைத்த மாவு முழுக்கச் சில்லு. அதை அம்மா அள்ளிக் கொட்டியதை மகள் பார்த்திருக்கிறாள். அம்மா அழவில்லை. "கை நம்மளோடதா இருக்கட்டும். மூஞ்சி வேற யாரோடதாவது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

இந்தக் கடை அப்படித்தான் தொடங்கியது. ரொட்டி பேர் வாங்கியது. பத்திரிகையிலிருந்து ஆள் வந்தபோது அம்மா மாவு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் கோட்டுதான் ரொட்டியை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். அம்மாவுக்குப் படமே கிடையாது.

அம்மாவின் தம்பி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அக்காவின் காலடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்.

"வண்டிய எங்க நிறுத்தச் சொன்ன?"

"முன்னாடி."

"முன்னாடியா? பின்னால சந்து இருக்கில்ல?"

"சந்துல வண்டி வராது மாமா."

"முக்கு வரைக்கும் தூக்கிட்டுப் போயிடலாம்மா. நம்ம ஆளுங்க நாலு பேர் வராங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம். கதவுல ரிப்பேர்னு ஒரு அட்டையத் தொங்கவிடு. ரெண்டு நாள் கழிச்சுத் தொறந்துக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

மாமா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"அதான் மாமா. யாருக்கும் தெரியாது" என்றாள் மகள்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "கடை போயிரும்மா. அன்னிக்குப் பட்டது போதாதா?"

"போனா போகுது."

மகள் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கடைக்குள் போனாள்.

கோட்டு ஒரு பெரியவருக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, கண்ணெல்லாம் செவந்திருக்கு? தூக்கம் இல்லையா?" என்றார் பெரியவர்.

கோட்டு மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"நான் முதலாளி இல்லீங்க." அந்தக் கணீர்க் குரல் எழும்பவில்லை. "சம்பளத்துக்கு நிக்கிறவன். முதலாளியம்மா காலையில தவறிட்டாங்க. உள்ளதான் இருக்காங்க. இது அவங்க மக."

வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கைகளைப் பார்த்தார்கள்.

"நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவள் குடியிருப்பின் பெயரைச் சொன்னாள்.

பெரியவர் கையிலிருந்த பொட்டலத்தை ஒரு தடவை பார்த்தார். அதைக் கல்லாவின் மேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மிச்சமிருந்த ஓரிருவர், போவதா நிற்பதா என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அம்மாவை அந்த வழியாகத்தான் தூக்கி வந்தார்கள். கல்லா இடித்தது. கோட்டு அதை ஓரமாக நகர்த்தி, போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார். படியில் இறங்கியதும் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. மாமா பதறிப்போய்த் துணியை இழுத்து மூடப் போனார்.

"இருக்கட்டும் மாமா."

எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வண்டியின் கதவைச் சாத்தும்வரை முகம் திறந்தேதான் இருந்தது.

வாரக் கடைசியில் கடையைத் திறந்தார்கள். மகள் வழக்கத்தில் பாதி மாவுதான் பிசைந்தாள். அதிலும் பாதி மதியம்வரை அலமாரியிலேயே இருந்தது. கோட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லாவில் அவள் நின்றாள்.

எதிர்வரிசையில் தையல் மெஷின் போட்டிருக்கும் பெண் தெருவைக் கடந்து வந்தாள். அன்றைக்குச் சுவரோரம் ஒதுங்கி நின்றவர்களில் ஒருத்தி. காலையில் வாங்கிப்போன ரொட்டியின் மீதியைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"இத யாரு போட்டது?"

"நான்தான்க்கா."

"உப்பே இல்ல. உங்கம்மா போட்டா இப்படி இருக்காது."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நாளைக்குச் சரியா இருக்கும்."

"பாப்போம்" என்றுவிட்டுத் தையல்காரி போனாள்.

மகள் அதில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். உப்பு குறைவுதான். தெருவைப் பார்த்து நின்றபடியே நிதானமாக மென்றாள்.