பன்னிரண்டு பக்கம் பக்கிரி

தமிழ்ச்செல்வனுக்கு வியர்க்காது. நூற்று எண்பது பக்கம் டைப் அடித்த நான் சொல்கிறேன், ஒரு வரியில்கூட அவனுக்கு வியர்க்கவில்லை. மே மாதம் சூளை வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்பான். சட்டை கசங்காது. தொழிலாளர்களுக்கு அறிவுரை சொல்வான், அவர்கள் உடனே கண் கலங்குவார்கள். பசி கிடையாது, பொறாமை கிடையாது, மலச்சிக்கல் கிடையாது. அப்படி ஒரு ஆள் ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.

இந்த மகானை எழுதியவர் ஆதிநாராயணன். விருத்தாசலத்தில் முப்பத்தைந்து வருஷம் பீங்கான் கம்பெனி நடத்தி, மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நாவலாசிரியர் ஆகிவிட்டார். ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த வியாதி சர்க்கரை மாதிரி வருகிறது, இதற்கு மாத்திரைதான் இல்லை. கதாநாயகன் அவரேதான் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் என் டைப்பிங் கடையில் நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்து, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக்கொள் பாப்பா, கருத்தில் கை வைக்காதே என்றார். எனக்கு நாற்பது வயது. கை வைக்கிற அளவுக்கு அங்கே கருத்து எங்கே இருந்தது?

ஏழாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பக்கிரி என்று ஒரு சூளைக்காரன் வருகிறான். கம்பெனியின் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களைச் சூளையில் அடுக்கும்போது, தான் களிமண்ணில் பிடித்த சின்ன யானைகளை இடுக்கில் ஒளித்துவைத்துச் சுட்டெடுக்கிறான். மாட்டிக்கொண்டதும், "சும்மா எரியற நெருப்புதானுங்க" என்கிறான். தமிழ்ச்செல்வன் நீதி தவறாமல் அவனை வேலையை விட்டு நீக்குகிறான். போகும்போது முதலாளி மேஜையில் இருந்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு போகிறான் பக்கிரி.

அந்தப் பக்கிரி என் அப்பா. பேரைக்கூட மாற்றவில்லை. கூலிக்காரன்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியம். அப்பாவுக்கு அன்புக்கரசி என்று ஒரு மகள் இருப்பதும், அவள்தான் டைப் அடிக்கிறாள் என்பதும் ஆதிநாராயணனுக்குத் தெரியாது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ரேஷன் அட்டையில் உள்ளதைத் தவிர வேறு படம் இல்லை, அதிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மைதான் இருக்கிறது. அந்த மூன்று பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரென்று சொன்னால் எடுத்துவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை.

ஐம்பது பிரதி அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தார். தமிழ்ச்செல்வனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பக்கிரி அப்புறம் எங்கே போனான், அந்த யானைகளை யாருக்காகச் செய்தான் என்றுதான் கேட்கிறார்களாம். பிரதி வாங்கிப்போன வைதேஹி டீச்சர் போன் போட்டு, வெற்றிலை எடுத்த இடத்தில் சிரித்துவிட்டேன் என்றாராம். யாருக்காகச் செய்தார் என்று எனக்குத் தெரியும்.

"திருட்டுப்பயலப் போயி புடிச்சிருக்குதுன்றாங்க பாப்பா. என்னா ஜனங்க இது" என்றார்.

அவருக்குப் புரியவே இல்லை. தன்னை எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். பக்கிரியை எழுதும்போது ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தில் அவன் எப்படி நின்றான், எந்தக் கையால் எடுத்தான் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. படித்தவர்களுக்கு அந்த ஒரு ஆள்தான் கண்ணில் பட்டான். இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தமிழ்ச்செல்வனுக்கும் கொஞ்சம் வியர்த்திருக்கும். எனக்கென்ன தலையெழுத்தா?

அடுத்த பதிப்பில் திருத்தப்போவதாகச் சொன்னார். பக்கிரி மனம் திருந்தி வந்து தமிழ்ச்செல்வன் காலில் விழுந்து அழுகிறான், தமிழ்ச்செல்வன் அவனைத் தூக்கி அணைத்துக்கொள்கிறான். இருக்கிற மூன்று பக்கத்திலிருந்தும் அப்பாவைத் துரத்திவிட்டு ஓர் அழுமூஞ்சியை நிறுத்தப் பார்க்கிறார்.

"வேணாங்க" என்றேன். "அழுதான்னா இன்னும் பாவம்னுவாங்க. அவன வெறுக்கணும்னா, அவன் செஞ்சத பூரா எழுதுங்க. ஒண்ணு வுடாம, நீங்க பாத்த மாதிரியே."

அது நான் போட்ட தூண்டில். மனுஷர் அப்படியே விழுங்கினார். பத்தாம் நாள் பன்னிரண்டு பக்கத்தோடு வந்து நின்றார்.

அத்தனையும் அப்பா. வேலை நேரத்தில் மணிமுத்தாற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, தண்ணி லாரி மேலே ஊற்றிவிட்டது என்று புளுகுகிறார். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி மாதிரியே நடந்து காட்டுகிறார். சூளை ஓட்டையில் பீடியைப் பற்றவைக்கப் போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொள்கிறார். அந்தப் பாதிப் புருவத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பதினோராம் பக்கத்தில் திருமால் என்று இன்னொரு சூளைக்காரன் வந்தான். ஒருமுறை சூளைக்குள் ஏதோ வெடித்து ஒரு வரிசைச் சரக்கு நொறுங்கியது. ஈரம் காயாத பொம்மை உள்ளே இருந்தால் அப்படித்தான் வெடிக்கும். அன்று அடுக்கியது திருமால் என்று அவனைத் துரத்தினார்கள். அவன் மனைவி வீரம்மாள் கைக்குழந்தையோடு கேட்டில் நின்று அழுதாள். பக்கிரி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். பின்னால் மாட்டிக்கொண்ட நாளில், அன்றைக்கு வெடித்ததும் உன் பொம்மைதானா என்று முதலாளி கேட்டபோது, ஆமாங்க என்று சிரித்தான்.

இது எனக்குத் தெரியாது. எனக்கு வர வேண்டிய யானைகளில் ஒன்று வராமல் போயிருக்கும், நான் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டேன். அதற்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் ஆதிநாராயணன் புளுகுகிறார் என்று சொல்லவும் வழியில்லை. அப்பாமேல் அவ்வளவு கோபம் வந்தது. அழுதேன்.

அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டு மீதியை அடித்தேன். பிரிண்ட் எடுத்துப் படித்தால், குறும்பான நல்ல மனுஷர் ஒருவர் கசங்காத சட்டையோடு நடந்துகொண்டிருந்தார். என்னை நானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு, விட்ட பத்தியை எழுத்து எழுத்தாக அடித்துச் சேர்த்தேன்.

மறுநாள் ஆதிநாராயணன் வந்து நின்றபடியே படித்தார். திருமால் இடம் வந்ததும், இனிமேல் இவன் பக்கம் எவன் பேசுகிறான் பார்ப்போம் என்று தொடையில் தட்டினார். எனக்குத் தாங்கவில்லை. நான் பக்கிரி மகள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷர் அல்லவா, கொஞ்ச நேரத்தில் பெருந்தன்மை வந்துவிட்டது. தெரியாமல் எழுதிவிட்டேன் பாப்பா, அந்தத் திருமால் சமாசாரத்தை மட்டுமாவது எடுத்துவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

நான் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எடுக்காதீங்க" என்றேன். "எடுத்தீங்கன்னா எங்கப்பாவும் தமிழ்ச்செல்வனா ஆயிடுவாரு."