தட்டு, பேரிங், வளையம்

மாரிசெல்வம் டோம்பிவிலி வீட்டை விட்டுக் கிளம்பும்போது முருகம்மாள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளை ஊருக்கே கூட்டிப்போக அவளுடைய அண்ணன் வந்திருந்தார்.

"நாலு மணிக்குள்ள வந்து, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துருதேன்," என்றாள்.

கேட்டதில் தப்பென்ன? டோம்பிவிலிக்குக் குடிபோன நாளிலிருந்து அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. புருஷன் விடியுமுன் ரயிலேறுகிறார், தூங்குவதற்கு மட்டும் திரும்பி வருகிறார். இந்த லட்சணத்தில் இன்று ஞாயிற்றுக்கிழமையும் தாராவிப் பட்டறைக்கு ஓட்டம்.

பட்டறைக்கு வந்திருந்தது வேன்காரன் டென்சிலின் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது. பின் சக்கரங்களில் ஒரே இரைச்சல். சீல் கசிந்து எண்ணெய் பிரேக் வரை வந்துவிட்டது. திங்கள் காலை வேன் ஓடியாக வேண்டும். மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தையும் முடித்தால் கிளம்பிவிடலாம். மாரிசெல்வத்தின் இடுப்பு அப்போதே கெஞ்ச ஆரம்பித்திருந்தது.

அச்சில் முதலில் தட்டு, பிறகு பேரிங், கடைசியில் வளையம். அச்சும் சக்கரமும் வெளியே கழன்று ஓடாமல் பிடித்து வைப்பது அந்தத் தட்டுதான். வளையத்தை நன்றாகக் காய்ச்சி இறக்க வேண்டும். ஆறிவிட்டால் உடும்புப் பிடி, வெட்டித்தான் எடுக்கலாம். பட்டறைக்கு மேலேயே குடியிருந்த காலத்தில், வளையத்தைக் காய்ச்சும் கேஸ் விளக்கைப் பற்றவைக்கும் முன் முருகம்மாள் மாடிப்படியில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். இவர் "போட்டாச்சு" என்பார். இப்போது யார் கேட்பது?

வளையம் இறங்கி ஆறியது. அப்பாடா என்று டீ கிளாசை எடுத்தார். கிளாசுக்கு அடியில் தட்டு இருந்தது.

மாரிசெல்வத்துக்குத் தன்னையே திட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குப் பாத்துக்கிடலாமாண்ணே?" என்றான் டென்சில். சொல்லும்போதே அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"காலைல பிள்ளையளுக்கு என்னலே சொல்லுவ? குர்லாவுல ஒரு கடை ஞாயித்துக்கெழமையும் தொறந்திருக்கும். இன்னொரு பேரிங்கும் வளையமும் வாங்கிட்டு வா."

வளையத்தை வெட்டி, உளியால் பிளந்து, பாழாய்ப்போன பேரிங்கையும் கழற்றினார். டென்சில் சாமானோடு திரும்புவதற்குள் நாலு மணி தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் அச்சில் கோத்தார். விளக்கைப் பற்றவைக்கக் கை வரவில்லை. தன் கண்ணையே நம்பப் பயமாக இருந்தது. போனை எடுத்தார்.

"முருகு, தட்டு போடாம எறக்கிட்டேன்."

அந்தப் பக்கம் கல்யாண் ஸ்டேஷன் அறிவிப்பு இரைந்தது.

"டீ கிளாச வச்சிருப்பிய அது மேல."

"ஆமா."

"பிரிச்சாச்சா?"

"பிரிச்சு மறுபடியும் கோத்துட்டேன். இனிமே வெளக்கப் பத்தவைக்கணும்."

பழைய மாடிப்படிக் குரல் வந்தது.

"தட்டு?"

"போட்டாச்சு."

"பேரிங்?"

"போட்டாச்சு."

"உள்ள சீலு?"

"அதுவும் போட்டாச்சு."

"கண்ணாடி மாட்டிக்கிடுங்க." அவள் போனை வைக்கவில்லை. "வேற எதுவும் விட்டுப்போச்சா? நல்லாப் பாருங்க."

மாரிசெல்வம் அச்சை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"இல்ல. அவ்வளவுதான்."

"சரி. வண்டி வந்துட்டு," என்று வைத்துவிட்டாள்.

வளையம் காய்ந்து, நழுவி, சரியான இடத்தில் உட்கார்ந்தது. அது ஆறுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான், அவள் கடைசியாகக் கேட்டது எதை என்று அவருக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை.

டென்சில் வேனை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். துளி இரைச்சல் இல்லை.

"நாலு மணிக்கு வீட்டுக்குப் போகணும்னியளேண்ணே. ஏறுங்க, டோம்பிவிலிக்கே கொண்டு விடுதேன். வெரசாப் போயிரலாம்."

மாரிசெல்வம் ஏறி உட்கார்ந்தார்.

"மெதுவாவே போ," என்றார்.